எச்சில் பட்ட மூட்டு

"ஏம்மா, உடம்புக்குள்ள போன குழாய் அங்கேயே அறுந்துபோச்சுன்னா, யாரு உள்ள போய் எடுப்பாங்க?"

குட்டி இப்படிக் கேட்டபோது அவளுக்கு முன்பல் விழுந்திருந்த வயது. பள்ளி விடுமுறை. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று அம்மா, அந்த வீட்டின் இளைய மருமகள், அவளைச் சோதனை அறைக்குக் கூட்டி வந்திருந்தாள். உயரமான முக்காலியில் ஏறி உட்கார்ந்து, மேசையில் மோவாயை ஊன்றிக்கொண்டு, இழுவை இயந்திரத்தின் இரண்டு தாடைகளும் ஒரு மெல்லிய குழாயைப் பிடித்து இழுப்பதையே குட்டி பார்த்துக்கொண்டிருந்தாள். குழாய் நீண்டது, வெளுத்தது, கடைசியில் 'டப்' என்று அறுந்தது. உடனே இந்தக் கேள்வி.

அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். இளையவள் சிரிக்கவில்லை.

"அறுந்து போகாம பாத்துக்கத்தானே அம்மா இருக்கேன்."

"நீ லீவு போட்டா?"

அன்றிலிருந்து இளையவள் ஒவ்வொரு குழாயைத் தாடையில் மாட்டும்போதும் மனத்துக்குள் ஒரு வரி சொல்லிக்கொள்வாள். 'ஆண்டவனே, அறுந்து போறதா இருந்தா இங்கேயே அறுந்துடட்டும்.'

போன வாரம் அந்த வேண்டுதல் பலித்துவிட்டது. அதுதான் இப்போது வீட்டில் அடுப்புக்கும் கூடத்துக்கும் பேச்சில்லாமல் செய்திருக்கிறது.

நோயாளியின் ரத்தக் குழாய்க்குள் செலுத்தும் மெல்லிய குழாய்களைச் செய்கிற அந்தத் தொழிற்சாலை குடும்பச் சொத்து. மாமனார் தொடங்கினார். இப்போது மூத்த மகன் நடத்துகிறார். வீட்டில் எல்லோருக்கும் அவர் 'மூத்தவர்'. இளையவளின் கணவன் பெட்டிகளை வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிகளுக்குக் கொண்டுபோகிறவன். கணவனைப் பிரிந்து வந்த நாத்தனார் மூட்டு மேசையில், குழாயின் நுனியையும் அதைப் பிடித்துக்கொள்ளும் பிளாஸ்டிக் தலையையும் பசை வைத்து ஒட்டுகிறாள். இளையவளுக்குச் சோதனை அறை. எல்லாவற்றையும் இழுத்து இழுத்துப் பார்ப்பதால், வேலை செய்யுமிடத்தில் அவளுக்கு 'இழுவைக்காரி' என்று பெயர்.

புதிதாக ஒட்டி வந்த குழாய்களில் சிலவற்றை வழக்கம்போல் உப்புக் கலந்த வெதுவெதுப்பான நீரில் ஊறப்போட்டு இழுத்தாள். உடம்புக்குள் இருக்கிற சூடும் ஈரமும் அதே அளவில் இருந்தால்தான் சோதனைக்கு அர்த்தம். சில குழாய்கள் கெட்டியாக நின்றன. சில, வெண்ணெயிலிருந்து முடியை உருவுவது போல் தலையிலிருந்து கழன்று வந்தன. அவள் கையெழுத்துப் போட மறுத்தாள். பெட்டிகள் கிடங்கில் நின்றுவிட்டன. மூத்தவர் அவளோடு பேசுவதையும் நிறுத்திவிட்டார்.

இதற்கு நடுவே மாமனார் ஆஸ்பத்திரியில் கிடந்தார். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. மறுநாள் காலையில் ரத்தத்தைச் சுத்திகரிக்கக் கழுத்து வழியாக அவருக்கே ஒரு குழாய் போடப்போகிறார்கள்.

குழாய் போடுவதற்கு முந்தின நாள் காலை நாத்தனார் சாப்பாட்டு மேசையருகே உட்கார்ந்து குட்டியின் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். இங்கே வேலைக்கு வருவதற்குமுன் அவள் தையல்காரி. நூல் நுனியை உதட்டில் வைத்து ஈரம் பண்ணி, ஒரு திருகு திருகி, ஊசிக்காதில் ஒரே குத்தில் கோத்துவிட்டாள்.

"சீ, எச்சி! அத்தை, அது என் சட்டை!" என்றாள் குட்டி.

"எச்சில் படாத நூலு ஊசிக்குள்ள போகாதுடி, பெரிய மனுஷி. உங்கப்பன் சட்டை எல்லாம் என் எச்சில்லதான் நிக்குது."

கணவன் தலையைத் தூக்காமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பிறகு மனைவியின் பக்கம் சாய்ந்து மெல்லச் சொன்னான்: "இன்னைக்காவது அந்தக் கையெழுத்தப் போட்டுடேன். அண்ணன் மூஞ்சியப் பாத்தா எனக்கே சோறு இறங்கல."

"நான் பிடிவாதத்துக்காகப் போடாம இருக்கலைங்க. கழண்டு வருது."

"அது சரி. பேசி ஜெயிக்க முடியுமா உங்கிட்ட?"

நாத்தனார் இடையில் புகுந்து சாப்பாட்டு டப்பாவை அவள் கையில் திணித்தாள். "அவனை விடு. இழுவைக்காரி, சாப்பிட்டுட்டு இழு. பட்டினியா இழுத்தா குழாய்க்கு முன்னாடி நீ அறுந்துடுவ."

*

கழன்ற குழாய்களில் மூட்டு இருந்த இடத்தை அன்று இளையவள் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தாள். பசை தலையோடு ஒட்டியிருந்தது. குழாயோடு ஒட்டவே இல்லை. நடுவில் நத்தை போன தடம் மாதிரி ஒரு மெல்லிய பளபளப்பு. என்னவென்று அவளுக்குப் பிடிபடவில்லை.

எழுந்து மூட்டு அறைப் பக்கம் போனாள். கண்ணாடிச் சுவருக்கு அப்பால் எல்லோரும் வெள்ளை அங்கி, தலையுறை, முகமூடி. பார்க்கக் கோயில் போல் சுத்தம். நாத்தனார் நடு மேசையில் இருந்தாள். அவள் குழாயை எடுத்தாள். இடது விரலால் முகமூடியை மோவாய்க்கு இறக்கினாள். குழாயின் நுனியை உதட்டுக்கு நடுவில் வைத்து, நாக்கால் ஒரு சுற்றுச் சுற்றி, ஒரு திருகுத் திருகித் தலைக்குள் சொருகினாள். முகமூடி மேலே ஏறியது. பசை. பசையை இறுக வைக்கும் நீல விளக்கு. அடுத்த குழாய்.

இளையவளுக்குக் காலையில் சாப்பிட்டது தொண்டைக்கு வந்து நின்றது.

கண்ணை அடுத்த மேசைக்குத் திருப்பினாள். அங்கிருந்த பெண்ணும் முகமூடியை இறக்கினாள். அதற்கடுத்த மேசையிலும் ஒருத்தி. ஒருத்தி நுனியைக் கடித்து நேராக்கவும் செய்தாள். வரிசையாக முகமூடி இறங்குவதும் ஏறுவதும், நாக்கு நீளுவதும் உள்ளே போவதும். யாருடைய கழுத்துக்குள்ளோ, யாருடைய நெஞ்சுக்குப் பக்கத்திலோ போகப்போகிற குழாய்கள் அவை.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். கோபத்தோடுதான் போனாள். ஆனால் அத்தனை பெண்களுக்கு நடுவில் நாத்தனாரின் முகத்தைப் பார்த்ததும் குரல் தணிந்தது.

"அண்ணி, தலைக்குள்ள சொருகுறதுக்கு முன்னாடி ஸ்பிரிட்டுல துடைப்பீங்களே, அந்த பாட்டில் எங்க?"

"உனக்குத் தெரியாதா? எங்க அண்ணன் பூட்டி வச்சு எவ்வளவோ நாளாச்சே. பாதி ஆவியாப் போகுதாம், வீணாம். ஸ்பிரிட் இல்லாம குழாய் உள்ள போகவே மாட்டேங்குது, மடங்குது. போ, இதுக்கா பயப்படறதுன்னு நம்ம தையல் வித்தையக் காட்டினேன்." குரலைத் தாழ்த்திப் பெருமையாகச் சிரித்தாள். "இதுங்க எல்லாத்துக்கும் நான்தான் சொல்லிக் குடுத்தேன். இப்ப ஒரு குழாய் மடங்குதா பாரு!"

ஸ்பிரிட் வழுக்கிக் கொடுக்கும், உடனே காய்ந்து இருந்த இடம் தெரியாமல் போய்விடும். எச்சில் அப்படிப் போகாது. பசைக்கும் குழாய்க்கும் நடுவில் படலமாகப் படுத்துக்கொள்ளும். காய்ந்திருக்கும்வரை மூட்டு கெட்டியாகத்தான் தெரியும். வெதுவெதுப்பான ஈரம் பட்டதும் அந்தப் படலம் மறுபடி எச்சிலாகும். இளையவளுக்கு நத்தைத் தடம் விளங்கியது.

"எல்லாரும் கொஞ்ச நேரம் கை நிறுத்துங்க. நான் வந்து சொல்றேன்" என்றாள்.

"ஏன்டி, முகம் இப்படி வெளுத்திருக்கு? வாந்தி வருதா?"

நாத்தனார் கை நீட்டி அவள் நெற்றியைத் தொட வந்தாள். இளையவள் தன்னையறியாமல் ஒரு எட்டுப் பின்வாங்கினாள்.

பின்வாங்கிய அந்த ஒரு எட்டுதான் நடைவழி முழுவதும் அவளைக் குத்திக்கொண்டே வந்தது. ஏனென்றால் அந்தக் கைகளுக்கு அவள் கடன்பட்டவள். குட்டி பிறந்த சமயம் வயிற்றுத் தையல் பழுத்துச் சீழ் வைத்தபோது, அந்த நாற்றத்துக்கு அறைக்குள் யாரும் வரமுடியவில்லை. கட்டின கணவனே மூக்கில் கைக்குட்டையோடு வாசற்படியில்தான் நின்றான். நாத்தனார் மட்டும் உள்ளே வந்தாள். வெறுங்கையால் துடைத்தாள், துணி மாற்றினாள், ஏதோ ஒரு பாட்டை முனகிக்கொண்டே வாளியை எடுத்துக்கொண்டு போனாள். ஒரு நாளும் அந்த முகம் சுளிக்கவில்லை. பிறகு ஒரு நாளும் அதைப் பற்றிப் பேசவும் இல்லை.

*

மூத்தவர் தன் அறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மேசையில் விரித்த காகிதத்தில் மீன் முள் குவிந்திருந்தது.

"வாம்மா" என்றார். ஒரு வாரம் கழித்து முதல் பேச்சு. "கையெழுத்துப் போட வந்திருக்கேன்னு சொல்லு, வயிறு நிறையும்."

அவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். அவர் ஒரு முள்ளை வாயில் வைத்து உறிஞ்சிக்கொண்டே கேட்டார். பிறகு சிரித்தார்.

"இவ்வளவுதானா? எச்சிலா? பாக்கெட் பண்ணின அப்புறம் கேஸ் அடிக்கிறோமே, கிருமி எல்லாம் பூண்டோட செத்துடும். செத்த எச்சில் எச்சிலா?"

"கிருமி செத்துடும் அத்தான். எச்சில் எங்க போகும்? மூட்டுல அப்படியே இருக்கு. அதான் கழண்டு வருது."

"உன் தொட்டியில போட்டா கழண்டு வருது. காய்ஞ்சதா இழேன். ஒண்ணாவது கழலுதா பாப்போம்."

"நோயாளிக்கு ரத்தம் காய்ஞ்சா இருக்கு?"

அவர் விரல்களை ஒவ்வொன்றாக வாயில் விட்டுச் சுவைத்தார். அந்தச் சத்தம் அவளுக்குக் கேட்கச் சகிக்கவில்லை.

"சரி. ஒண்ணு பண்ணு. என் தங்கச்சி மேல எழுதிக்க. அவ மேசையில மட்டும் தப்பு, மத்ததெல்லாம் நல்லா இருக்குன்னு போடு. அவளைக் கொஞ்ச நாள் வீட்டுல உட்கார வச்சுடறேன். சோறு போடறவன் நான்தானே, என்ன சொல்லிடப் போறா?"

"பாட்டிலைப் பூட்டினது அவங்களா அத்தான்?"

அவர் முகம் சுருங்கியது. பதில் சொல்வதற்குள் மேசைமேல் இருந்த கைப்பேசி அடித்தது. எடுத்ததும் குரல் தேனாகக் குழைந்தது.

"வணக்கம் டாக்டர்… ஆமா, நாளைக்குக் காலையில… அப்பா எப்படி இருக்கார்? கேட்கணும்னு நினைச்சேன், கழுத்துக்குப் போடற குழாய் நாங்களே வாங்கிட்டு வந்துடறோம்… இல்லை இல்லை, எங்களது வேண்டாம். வேற கம்பெனிதான். உங்ககிட்ட இருப்பில எங்களது இருக்குன்னு தெரியும், அது இருக்கட்டும், மத்தவங்களுக்கு ஆகும்… பெத்த அப்பா பாருங்க. மனசு கேக்காது."

பேசி முடித்துக் கைப்பேசியை வைத்தபிறகுதான், எதிரில் ஒருத்தி நிற்பது அவருக்கு நினைவு வந்தது.

இளையவள் அவரையே பார்த்தாள். இருட்டில் பல்லிமேல் கை வைத்தவள் போல் உடம்பு ஒருமுறை கூசி அடங்கியது. கண்ணாடிக்கு வெளியே நின்றபோது வந்த குமட்டல் வயிற்றோடு நின்றது. இது எலும்புவரை போயிற்று. வாயில் இருக்கிற எச்சிலைக் கொப்பளித்துத் துப்பிவிடலாம். மனிதனின் மனத்தில் ஊறுவதை எந்தத் தண்ணீரில் கழுவுவது? அது கடவுளுக்குத்தான் தெரியும்.

"தெரிஞ்சுதான் செஞ்சிருக்கீங்க" என்றாள். அவ்வளவுதான் வந்தது.

"பெரிய வார்த்தை பேசாதே. போன தடவை போனதுக்கு ஒரு புகாராவது வந்துச்சா? குடும்பம் ரெண்டா உடைஞ்சா அதுக்கு நீதான் காரணம்னு ஊரு சொல்லும், பாத்துக்க."

போன தடவை. அந்த இரண்டு சொற்கள் அவள் காதில் தங்கின. பாட்டிலைப் பூட்டி எவ்வளவோ நாளாச்சே என்று அண்ணி சொன்னாளே! அப்படியானால் போன தடவை அவள் இழுத்துப் பார்த்த சில குழாய்கள் தற்செயலாகத்தான் நின்றிருக்கின்றன.

*

சோதனை அறைக்குத் திரும்பியதும், 'தேறவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். காரணம் எழுதும் இடத்தில், மூட்டு மேசைகளுக்கு ஸ்பிரிட் கொடுக்கப்படவில்லை, குழாய்கள் எச்சிலால் ஈரப்படுத்தி ஒட்டப்பட்டன என்று உள்ளதை உள்ளபடி எழுதினாள். எந்த மேசையையும் தனியாகச் சுட்டவில்லை. அது எல்லா மேசையின் கதை. பூட்டின சாவி யாரிடம் இருந்தது என்பதையும் எழுதினாள்.

பிறகு கணவனைக் கூப்பிட்டாள்.

"ஏங்க, போன தடவை ஏத்தின பெட்டியெல்லாம் எங்க இறக்கினீங்க?"

"அப்பா படுத்திருக்கிற ஆஸ்பத்திரியிலதான். ஏன்?"

சொன்னாள். மறுமுனையில் வண்டி ஓரம் கட்டுகிற சத்தம் கேட்டது.

"இருக்கீங்களா?"

"ம்."

"போய் டாக்டரைப் பாத்து, அதை யாருக்கும் போட வேண்டாம்னு சொல்லுங்க. பெட்டியத் திருப்பி எடுத்துட்டு வாங்க. உங்கப்பாவுக்கு மட்டும் வேற குழாயாம். பக்கத்துக் கட்டில்ல படுத்திருக்கிறவரும் யாருக்கோ அப்பாதானே?"

"அண்ணனை ஒரு வார்த்தை கேட்டுட்டு…"

"நீங்க போகலைன்னா காலையில நானே போய் நிப்பேன்."

வண்டி மறுபடி கிளம்பும் சத்தத்தோடு அவன் சொன்னான்: "பாக்கறேன்."

இணைப்பு அறுந்தது. அந்தக் குடும்பத்தில் 'பாக்கறேன்' என்றால் சரி என்றும் அர்த்தம் உண்டு, முடியாது என்றும் அர்த்தம் உண்டு. கைப்பேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தாள். இன்னும் ஒருவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

*

நிறுத்தின வேலை அப்படியே நிற்க, நேரம் முடிந்து பெண்கள் எல்லோரும் வீட்டுக்குக் கொண்டுவிடும் வண்டிக்குப் போய்விட்டார்கள். நாத்தனார் மட்டும் கழிவறையில் கை கழுவிக்கொண்டிருந்தாள். சோதனை அறையிலிருந்த ஸ்பிரிட் பாட்டிலை அவளுடைய மேசையில் வைத்துவிட்டு இளையவள் அங்கே வந்தாள். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், தொடங்கிவிட்டாள். முடிந்தவரை மெதுவாகச் சொன்னாள்.

நாத்தனார் முதலில் புரியாமல் விழித்தாள்.

"நான் நல்லா வாய் கொப்பளிச்சுட்டுத்தானே உட்காருவேன்? வெத்தலை பாக்குக்கூட போடறதில்லையே."

"தெரியும் அண்ணி. அழுக்கில்லை அது. ஈரம். ஈரத்துமேல பசை பிடிக்கலை."

"அப்ப… நீ சொன்னியே, கழண்டு வருதுன்னு. அது நான்…"

"பாட்டில் இருந்திருந்தா நீங்க இப்படிச் செஞ்சிருப்பீங்களா?"

"நான் சொல்லிக் குடுத்தேனே! அத்தனை பொண்ணுங்களுக்கும் சிரிச்சு சிரிச்சுச் சொல்லிக் குடுத்தேனே!" கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "யாரோட ரத்தத்துக்குள்ள போய்… நாளைக்கு அப்பாவுக்கு வேற…"

"மாமாவுக்கு வேற குழாய் வருது."

"ஏன்? நம்மளது எதுக்கு வேண்டாம்னு…" பாதியில் நிறுத்தினாள். அண்ணனைச் சிறுவயதிலிருந்து அறிந்தவள். மீதியைச் சொல்லவேண்டியிருக்கவில்லை. "அவனுக்குத் தெரியுமா? தெரிஞ்சுமா?"

இளையவள் தலை குனிந்தாள்.

நாத்தனார் குமட்டிக்கொண்டு திரும்பினாள். கை கழுவும் தொட்டியை எட்டுவதற்குள் தரையிலும் சுவரிலுமாகப் பாதி, தொட்டியில் மீதி. வயிற்றில் இருந்ததெல்லாம் வந்தது. அதன்பின் வெறும் பித்தநீர் வந்தது. இளையவள் ஒரு கையால் அவள் நெற்றியைத் தாங்கி, மறு கையால் முதுகைத் தடவினாள். இந்தமுறை பின்வாங்கவில்லை.

"போதும் அண்ணி, போதும். வண்டியில போய் உட்காருங்க. நான் அறையப் பூட்டிட்டு வந்துடறேன்."

"இந்த அசிங்கம்…"

"நான் ஆளைக் கூப்பிடறேன். நீங்க போங்க."

சுவரைப் பிடித்துக்கொண்டு அவள் போனாள். துப்புரவுக்காரம்மா மத்தியானமே வீட்டுக்குப் போய்விட்டிருந்தாள். கூப்பிட ஆளில்லை என்பது இளையவளுக்குத் தெரியும்.

புளித்த வாடை மூக்கை அறைந்தது. கதவைச் சாத்தினாள். முழங்கைவரை சட்டைக் கையை மடக்கிக்கொண்டு, வாளியில் தண்ணீர் பிடித்தாள். கையுறை சோதனை அறையில் இருந்தது; எடுக்கப் போகவில்லை. தரையைத் துடைத்தாள், சுவரைத் துடைத்தாள். தொட்டியின் வாய் அடைத்துக்கொண்டிருந்தது. விரலை விட்டு அள்ளிப் போட்டால்தான் தண்ணீர் இறங்கும். கண்ணை மூடிக்கொண்டாள். வாளியைத் தூக்கிக்கொண்டு போன ஒரு முதுகும், முனகலாக ஒரு பாட்டும் நினைவுக்கு வந்தன. என்ன பாட்டு என்று இப்போதும் தெரியவில்லை. ராகம் மட்டும் இருந்தது. அதை முனகிக்கொண்டே அள்ளினாள்.

தண்ணீர் கடகடவென்று இறங்கியது.

தரையோரம் நாத்தனாரின் முகமூடி கிடந்தது. அதையும் எடுத்துக் குப்பையில் போட்டாள். நிமிர்ந்தபோது கண்ணாடியில் தன் முகம் தெரிந்தது. அதை அதிகம் பார்க்காமல் கையைக் கழுவிக்கொண்டு, ஈரம் காயட்டும் என்று கதவைத் திறந்து வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

வண்டியில் நாத்தனார் சன்னலோரம் சாய்ந்திருந்தாள். அவளைக் கண்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அப்படியே போட்டுட்டு வந்துட்டேனே. பாவம், இன்னொருத்தி எதுக்கு அதை அள்ளணும்? இரு, நான் போய் கழுவிட்டு வந்துடறேன்."

"துப்புரவுக்காரம்மா கழுவிட்டாங்க அண்ணி."

"முகம் சுளிச்சிருப்பாளே?"

"இல்லை. ஏதோ பாட்டு முனகிட்டே கழுவினாங்க."

"மகராசி. அவ பிள்ளைகுட்டி நல்லா இருக்கணும்" என்று நாத்தனார் கண்ணை மூடிக்கொண்டாள்.

இளையவள் பக்கத்தில் உட்கார்ந்து, ஈரம் காயாத கையை மடியில் மறைத்துக்கொண்டாள்.